டாக்டர் சொன்ன ‘பார்க்கலாம்’

ரசமட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு கண். அதிலும் ஒரு நாள் காலையில் திரை விழுந்துவிட்டது.

ரசமட்டம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர்கள் கையில் நீளமாக ஒரு சட்டம் வைத்திருப்பார்களே, அதன் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி, அந்தக் கருவியின் பெயர்தான் அது. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். நம்முடைய ஆளுக்கு அந்தச் சட்டமே தேவைப்படாது. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அந்த மூலை ஒரு நூல் அளவு தூக்கியிருக்கு” என்பார். சட்டத்தை வைத்துப் பார்த்தால் தூக்கித்தான் இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதைச் சுருக்கி ‘மட்டம்’ என்று கூப்பிடப் பார்த்தான் ஒருவன். அவர் பார்த்த பார்வையில் அந்த எண்ணத்தை அதோடு விட்டுவிட்டான்.

கோணல் என்றாலே அவருக்கு ஆகாது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், பெண்ணைப் பார்க்க மாட்டார், மண்டபத்துத் தரையைப் பார்ப்பார். சாப்பிட்டுக் கை கழுவும்போது மனைவியின் காதில், “எவனோ குடிச்சிட்டுப் பதிச்சிருக்கான்” என்பார். தான் பதித்த டைல்ஸ் ஒன்று மயிரிழை விலகினாலும் பெயர்த்துப் போட்டுவிட்டு மறுபடி பதிப்பார். ஈரம் காய்ந்துவிட்டதே என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் கேட்கமாட்டார். இப்படிப்பட்டவரோடு காலம் தள்ளுவது சுலபமில்லை. ஆனால் அவர் மனைவி தள்ளினார். சிரித்துக்கொண்டே தள்ளினார் என்பதுதான் ஆச்சரியம்.

இடது கண் வாலிபத்திலேயே போய்விட்டது. கல் வெட்டும்போது சில்லு தெறித்தது. மிச்சமிருந்த வலது கண்ணில்தான் இப்போது இந்தத் திரை. கண்ணுக்குள் பின்பக்கமாக ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு கழன்றுவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். செய்தார்கள். சவ்வைத் திரும்ப அதன் இடத்தில் ஒட்டி, அது பிடித்துக்கொள்ளும் வரை அழுத்திப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள்ளே ஒரு காற்றுக் குமிழியை வைத்தார்கள்.

“குமிழி எப்பவும் மேல்பக்கமாத்தான் போகும். அது போய்ப் பின்னாடி அழுத்தணும்னா நீங்க குப்புறப் படுத்திருக்கணும்” என்றார் டாக்டர். “பத்து நாளைக்கு முகம் தரையைப் பார்த்தபடியே இருக்கணும். சாப்பிடும்போது, நடக்கும்போது, தூங்கும்போது, எப்பவும். நிமிர்ந்தீங்கன்னா ஒட்டினது கழன்றுடும்.”

ரசமட்டத்துக்கு இது உடனே புரிந்துவிட்டது. பதித்த டைல்ஸ் பிடிக்கும் வரை அதன்மேல் பாரம் வைப்பார்கள், யாரையும் மிதிக்க விடமாட்டார்கள். அதே கதைதான். புரிந்ததே ஒழிய ஆறுதலாக இல்லை. வாழ்நாளெல்லாம் குமிழியே தேவைப்படாதவன் கண்ணுக்குள்ளேயே குமிழியைக் கொண்டுபோய் வைத்தால் அது கேலிதானே? யாருக்கும் தலை குனியாதவன் என்று பெயரெடுத்த மனிதன், பத்து நாளைக்குத் தலை குனிந்தே இருக்கவேண்டும் என்பது அதைவிடப் பெரிய கேலி.

ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். சிறிய அறை. டாக்டர் வாயையும் மூக்கையும் மூடிய முகமூடியோடு இருந்தார். ரசமட்டம் கண் பார்க்கும் கருவியில் மோவாயை வைத்துவிட்டு, மறுபடி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். கண்ணுக்குள் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. வெளிச்சம் என்று தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அவர் மனைவி, இவ்வளவு நேரம் தொண்டையில் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்.

“டாக்டர், இவருக்குப் பார்வை வந்துடுமா?”

அதே நேரம் கதவு திறந்தது. வெளியே காத்திருக்கிற கூட்டத்தின் இரைச்சலும் உள்ளே வந்தது, நர்ஸும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சந்தடிக்கு நடுவே டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“பார்க்கலாம்.”

மனைவி நர்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். சந்தோஷ அழுகை. ரசமட்டம் கவிழ்த்த தலையை இன்னும் கீழே இறக்கிக்கொண்டார். நர்ஸ் கைகளைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரிலேயே சண்டை ஆரம்பமாகிவிட்டது. அவர் பின் இருக்கையில் முழங்காலுக்கு நடுவே தலையை வைத்திருந்தார். ஓட்டியது மகள்.

“டாக்டரே சொல்லிட்டாரு, பார்க்கலாம்னு” என்றார் மனைவி.

“அதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்” என்றது முழங்காலுக்கு நடுவிலிருந்து வந்த குரல்.

“என்ன முடிஞ்சுது? கண்ணு தெரியுமான்னு கேட்டேன். பார்க்கலாம்னாரு. உங்களால பார்க்க முடியும்னு அர்த்தம்.”

“நான் எத்தனை பேருக்குப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? இந்த வாரம் வந்து பாத்ரூம் தரையைப் போட்டுக் குடுங்கன்னு கேட்பாங்க. பார்க்கலாம்பேன். போயிருக்கேனா? ஒருத்தனுக்காவது போயிருக்கேனா?”

“அது உங்க பார்க்கலாம்.”

“எல்லாப் பார்க்கலாமும் ஒண்ணுதான். மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல முடியாதவன் சொல்றது.”

மகள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். அவளை நடுவராக்கினார்கள். “எங்க டாக்டர் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வார்த்தையைச் சொல்வாரும்மா. எதுக்கெல்லாம்னு அவருக்கே தெரியாது” என்றாள் அவள். இது இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. “எந்த ராகத்துல சொன்னாரு? இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா?” என்று அவளே கேட்டாள். இழுக்கவில்லை என்றார் அம்மா. வெட்டவும் இல்லை என்றார் அப்பா. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் முகத்தில் முகமூடி. ஆக, ஒரே வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒருவர் சொர்க்கத்துக்கும் ஒருவர் பாதாளத்துக்குமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

வீட்டில் அவருக்குக் கட்டிலுக்குக் குறுக்கே படுக்கை போடப்பட்டது. உடம்பு கட்டிலில், முகம் கட்டிலுக்கு வெளியே. நெற்றிக்கு அண்டக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நீச்சல் டியூப் இரவல் வந்தது. அதில் வாத்துப் படம் போட்டிருந்தது. ஊரெல்லாம் மார்பிளும் கிரானைட்டும் பதித்த மனிதர், வாத்துகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கிடந்தார். வந்து விசாரித்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் அவருக்கு வெறும் நிழல்தான். குரலை வைத்தும் செருப்புச் சத்தத்தை வைத்தும் ஆளைக் கண்டுபிடித்தார். சிலரைத் தெரிந்துகொண்டே தூங்குகிற மாதிரி நடித்தார்.

மனைவி தையல் சாமான் கடையில் வேலை செய்கிறவர். பட்டன், லேஸ், ஜிப், நூல்கண்டு, ஜிகினா, இதுதான் அவருடைய உலகம். காலையில் கடைக்குப் போகும் முன் ஜன்னல் பக்கம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவனோடு பேசுவார். கல்யாணமான நாளிலிருந்து நடப்பதுதான். ரசமட்டம் அந்த நேரத்தில் எப்போதும் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்டதே இல்லை. இப்போது நகர வழியில்லை, காது மட்டும் நன்றாக வேலை செய்தது. முதல் நாள் காலையிலேயே தூக்கிவாரிப்போட்டது.

“கண்ணைத் திருப்பிக் குடுத்ததுக்கு நன்றிப்பா” என்றார் மனைவி.

“எங்க குடுத்தாரு? இன்னும் குடுக்கலையே?” என்றார் இவர் தரையிடம்.

“நீங்க மட்டும் வேலையை முடிச்சிட்டா காசு வாங்குறீங்க? அட்வான்ஸ் வாங்கிட்டுத்தானே முதல் கல்லையே வைக்கிறீங்க. இது அட்வான்ஸ் நன்றி.”

பதில் சொல்ல முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் இருமுவது அவர் வழக்கம். இருமினார்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை உன்னிப்பாகக் கேட்க ஆரம்பித்தார். வேலையில்லாதவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? வேண்டுதல் என்றால் அதைக் கொடு, இதைக் கொடு என்று கேட்பதுதான் என்று நினைத்திருந்தார். அவள் கேட்பதே குறைவாக இருந்தது. நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று ஒரு பெண் நீல நூல் வாங்க வந்தாள், இருபது நீலத்தை எடுத்துப் போட்டேன், இருபதும் வேற வேற நீலம், இத்தனை நீலம் எதுக்குப்பா என்று ஆச்சரியப்பட்டேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கைத் தலையில் சாயங்கால வெயில் பட்டு என்னமா பளபளத்தது. மழை வருகிற மாதிரி இருந்து வராமல் போனதும் நல்லாத்தான் இருந்தது. இப்படியே போனது.

ஒரு நாள் அவரால் அடக்க முடியவில்லை. “ஏம்மா, உன் ஆண்டவனுக்குத் தெரியாததா இதெல்லாம்? வழுக்கைத் தலையைப் படைச்சவருக்கு அது பளபளக்கும்னு நீ போய்ச் சொல்லணுமா?”

“அவருக்குத் தெரியும்” என்றார் மனைவி. “நான் பார்த்தேன்னு அவருக்குத் தெரிய வேணாமா?”

இருமல்கூட வரவில்லை அவருக்கு.

இரண்டாவது நாள் சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்ததும் வராததுமாகத் தரையில் மல்லாக்கப் படுத்து, அவர் முகத்துக்கு நேர் கீழே தலையை நகர்த்திக்கொண்டு வந்தார். “இது என்னன்னு சொல்லுங்க” என்று எதையோ அவர் கண்ணுக்கு வெகு கிட்டத்தில் பிடித்தார். அவருக்குப் பால்தான் தெரிந்தது.

“கிண்டலா பண்ற? குருடன்கிட்ட வந்து விடுகதை போடுறியா?”

“பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பாருங்க.”

கையால் தொட்டுப் பார்க்கப் போனார். அவள் பட்டென்று கையில் அடித்தாள். தொடக்கூடாதாம், பார்க்கவேண்டுமாம். கடைசியில் அவளே சொன்னாள். பச்சைப் பட்டன். அடுத்த நாள் ஒரு கோழி இறகு. அதற்கடுத்த நாள் வெங்காயச் சருகு. எதுவும் தெரியவில்லை. ஆனால் தெரியாததை உற்றுப் பார்ப்பதிலும் ஒரு சுவாரசியம் இருக்கத்தான் செய்தது. பாலுக்குள்ளே ஏதோ ஒன்று மங்கலாக அசைந்த மாதிரி இருக்கும். நிஜமா பிரமையா என்று அடுத்த நாள் முழுக்க யோசித்துக்கொண்டு கிடப்பார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. முதுகு கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒரு பொட்டு முன்னேற்றம் இல்லை. அவருக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகப் புரிந்துவிட்டது போல இருந்தது. டாக்டர் அன்றைக்கே கையை விரித்துவிட்டார், மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார், இவள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். இனிமேல் தடவித் தடவித்தான் நடக்கவேண்டும். டைல்ஸ் வேலை போச்சு. யாராவது கையைப் பிடித்து அழைத்துப்போனால்தான் தெருவுக்கே போகமுடியும். இதற்கு எதற்கு வாத்துப் படத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கவேண்டும்? எழுந்து, மனிதன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு டீயைக் குடித்தால் என்ன? இரண்டு கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றிவிட்டார். வாய்விட்டு அழுதும்விட்டார். அழுத கண்ணீர் நேரே தரையில் சொட்டியது.

ஊன்றிய கை ஊன்றியபடி இருக்க, ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. இன்றைக்கு அவள் என்ன கொண்டு வருவாள்?

நேற்று ராத்திரி படுக்கப் போகும்போது, “நாளைக்குக் கொண்டு வர்றது உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்று ஒரு பொடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். என்னவாக இருக்கும்? தனக்குப் பிடித்தது எது என்று அவருக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்துவிட்டால் அவள் வந்து அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். அவள் முகம் என்ன ஆகும் என்பது வேறு. ஆனால் உண்மையைச் சொன்னால், அவரைத் தடுத்தது பாசம்கூட இல்லை, வெறும் குறுகுறுப்பு. இவ்வளவு நேரம் இருந்தாயிற்று, சாயங்காலம் வரை இருந்து அது என்னவென்று பார்த்துவிட்டு அப்புறம் நிமிரலாம் என்று கையை எடுத்துவிட்டுக் கவிழ்ந்தார்.

சாயங்காலம் அவள் வந்தாள். கண்ணுக்குக் கீழே ஒரு விரல்கடை தூரத்தில் எதையோ பிடித்தாள். முதலில் பால். அப்புறம் பாலுக்குள் ஒரு பளபளப்பு. அவள் விரலை மெல்லத் திருப்பத் திருப்ப, பளபளப்புக்கு ஒரு ஓரம் வந்தது. ஓரத்துக்கு ஒரு முனை வந்தது. அந்த முனையிலிருந்து இன்னொரு ஓரம் கிளம்பிப் போனது.

“சதுரம்!” என்று கத்தினார். “ஏய், சதுரமா இருக்கு! கண்ணாடி டைல்ஸா? இவ்வளவு சின்னதா எவன் போடுறான்?”

“கல்லுப்பு” என்றார் மனைவி.

“உப்பா? உப்பு சதுரமாவா இருக்கும்?”

“எப்பவும் சதுரம்தான். நம்ம வீட்டு டப்பாவுல இருந்துதான் எடுத்தேன்.”

“இத்தனை வருஷம் தின்னுக்கிட்டு இருக்கேன், ஒருத்தன் சொல்லலையே” என்று ரசமட்டம் நிஜமாகவே கோபித்துக்கொண்டார். “இன்னொரு தடவை திருப்பு. மெதுவா. மூலையைக் காட்டு. என்னமா வெட்டியிருக்கான் பாரு!”

வெட்டினவன் யார் என்று மனைவி கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு. அன்று சாயங்காலம் அரை டப்பா உப்பு தரைக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தார். எல்லாமே சரியான சதுரம் இல்லை, சிலது உடைந்திருந்தது. உடைந்ததையும் பார்த்தார். நிமிர்கிற யோசனையை அன்றைக்கு மறந்துபோனவர், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஆனாலும் டாக்டர் சொன்னதற்கு அர்த்தம் ‘இல்லை’ என்பதுதான் என்று சாதித்துக்கொண்டுதான் இருந்தார். “கிட்டத்துல உப்பு தெரியுறதும் எட்டத்துல லாரி தெரியுறதும் ஒண்ணா?” என்று வாதாடினார். வாயில்தான் அந்த வாதம். உள்ளுக்குள்ளே அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை அவள் காதில் விழுந்ததுதான் சரியோ என்று. ஒரு நாள் காலையில் குனிந்தபடியே முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுக்கும்போது, பார்வையின் மேல் விளிம்பில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கோட்டுக்குக் கீழே பால். கோட்டுக்கு மேலே, கீற்று மாதிரி, தெளிவாகக் குளியலறைச் சுவர். தலையை ஆட்டினால் கோடு தண்ணீர் மாதிரி தளும்பி மறுபடி மட்டமாக நின்றது. குமிழி சுருங்க ஆரம்பித்திருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. எதிலும் நம்பிக்கை இல்லாதவருக்குத்தான் இப்படிப்பட்ட பயமெல்லாம் வரும்.

பத்தாம் நாள் மறுபடி அதே சிறிய அறை, அதே டாக்டர், அதே நர்ஸ். டாக்டர் விளக்கை அடித்து, மேலே பார், கீழே பார் என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா ஒட்டிக்கிச்சு” என்றார். “இனிமே நீங்க நிமிரலாம்.”

மனைவி கை இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொண்டார். டாக்டர் அடுத்துச் சொன்னதையும் கேட்கவேண்டியிருந்தது. “ஆனா ஒட்டினதுல நடுவுல கொஞ்சம் சுருக்கம் இருக்கு. நேர்க்கோடெல்லாம் வளைஞ்சு தெரியும். போகப் போகக் குறையும், முழுசா போகாமலும் இருக்கலாம். என்ன வேலை பாக்குறீங்க?”

“டைல்ஸ் பதிக்கிறேன்” என்றார் ரசமட்டம்.

டாக்டர் விளக்கை அணைத்தார். “கருவியை நம்பித்தான் பதிக்கணும் இனிமே. கண்ணை நம்பக்கூடாது” என்றார்.

“அது போதும் டாக்டர்” என்று மனைவி முந்திக்கொண்டார். “நீங்க அன்னைக்கே சொன்னீங்க, பார்க்கலாம்னு. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளும் ஓட்டினோம்.”

“நானா?” டாக்டர் யோசித்தார். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனேம்மா. அன்னைக்கு இருந்த நிலைமையில ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்.”

நர்ஸ் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். “அது வந்து, என்கிட்ட சொன்னதும்மா. நான் கதவைத் திறந்து, அடுத்த பேஷன்ட்டைப் பார்க்கலாமா டாக்டர்னு கேட்டேன். பார்க்கலாம்னாரு. நீங்க கேட்டது அவருக்குக் காதுலயே விழல. நீங்க அவ்வளவு சந்தோஷமா என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்க. எனக்குச் சொல்ல மனசு வரல.”

இப்போது ரசமட்டம் ஜெயித்துவிட்டார் என்று சொல்லவேண்டும். பத்து நாள் வாதத்தில் தீர்ப்பு வந்துவிட்டது, அவர் மனைவி கேட்டது தப்பு. துள்ளிக் குதிக்கவேண்டிய மனிதர் முகம் சிவந்துபோய், “யாருக்குச் சொன்னா என்னம்மா? எங்க காதுலதானே விழுந்துச்சு?” என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனார். டாக்டர் சிரித்து, நர்ஸ் சிரித்து, ஒரு வழியாக அவரை வெளியே அனுப்பிவைத்தார்கள்.

வெளியே நடைபாதையில் மனைவி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இப்படி உட்கார்ந்து ரசமட்டம் பார்த்ததில்லை.

“அடுத்த பேஷன்ட்டுக்குச் சொன்னதை எடுத்து வச்சுக்கிட்டு நான் என்னென்ன பேசிட்டேன்” என்றார் மெதுவாக. “அட்வான்ஸ் நன்றியாம். மேல இருக்கிறவர் கேட்டுச் சிரிச்சிருப்பாரு. ஒருவேளை இது எல்லாமே அப்படித்தானோ என்னவோ. யாருக்கோ சொன்னது, யார் காதுலயோ விழுந்தது.”

ரசமட்டம் அவர் எதிரில் நின்றார். பத்து நாளில் முதல்முறையாக முதுகை நேராக்கி நின்றார். கண்ணுக்குள் கோடு தளும்பி, அடங்கி, மட்டமாக நின்றது. கோட்டுக்கு மேலே மனைவியின் முகம் இருந்தது. நெற்றி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஒரு புருவம் ஏறி, ஒரு புருவம் இறங்கியிருந்தது. மூக்கு நடுவில் ஒரு வளைவு எடுத்தது. அந்த முகத்தில் ஒரு நேர்க்கோடு இல்லை. அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன அப்படிப் பார்க்குறீங்க? எப்படித் தெரியுறேன்?”

“கோணலா இருக்க.”

“ரொம்பவா?”

“ரொம்ப.” அவர் இன்னும் ஒரு எட்டு கிட்டே போனார். “இவ்வளவு அழகா இருந்திருக்கியே, நான் பார்க்கவே இல்லையேம்மா.”

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டார். என்ன செய்வதென்று ரசமட்டத்துக்குத் தெரியவில்லை. இருமலும் வரவில்லை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது, ஆனால் அவளிடம் இல்லை. சங்கடத்தோடு கூரையை அண்ணாந்து பார்த்தார். மேலே குழல் விளக்குகூட வளைந்துதான் தெரிந்தது. பழக்கமில்லாத காரியம், அதனால் குரல் தேவைக்கு அதிகமாகவே பெரிதாக வந்துவிட்டது.

“ரொம்ப நன்றிங்க” என்றார்.

காலியான சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போன ஊழியர் சட்டென்று நின்றார். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டுவிட்டார். என்றைக்கு, எதற்கு இவருக்கு உதவினோம் என்று அவருக்கு நினைவில்லை போலிருந்தது. ஆனாலும் முகமெல்லாம் மலர்ந்துபோய், “இருக்கட்டும் சார், இதுல என்ன இருக்கு” என்று சொல்லிவிட்டு, வந்ததைவிடச் சுறுசுறுப்பாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மனைவி கையை எடுத்துவிட்டு, போகிற ஊழியரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பென்று தெரிந்தால் விட்டு வைக்காத மனிதர், அந்த ஆளைக் கூப்பிட்டுத் திருத்தவில்லை.